காலி இசைக்குழு, நிறைந்த அறை
ஜப்பானின் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் கரோக்கியில் பாடும் பாட்டுகள் விற்பனைப் பட்டியலோடு ஒத்துப்போவதில்லை. பேசத் தயங்கும் தலைமுறை மைக்கைப் பிடித்துச் சொல்வது என்ன?

பாட்டு பழசு. பாடுபவர்களுக்குத்தான் வயது பதினேழு. பள்ளி விட்ட நேரத்தில் ஜப்பானிய நகரம் எதிலும் ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு கரோக்கி கடை நிரம்பத் தொடங்கியிருக்கும். அதன் குறுகலான நடைவழியில் கண்ணாடிக் கதவுகளைத் தாண்டிக் கசியும் பாட்டுகளில் ஒன்றாவது அநேகமாக 1995-ஐச் சேர்ந்ததாக இருக்கும். அந்த ஆண்டு அக்டோபரில் டி.வி.யில் தொடங்கிய 'நியான் ஜெனிசிஸ் இவாஞ்செலியன்' என்ற கார்ட்டூன் தொடரின் முகப்புப் பாடல் அது. பாடியவர் தகாஹாஷி யோகோ. 'கொடூரமான தேவதையின் கோட்பாடு' என்று தமிழில் சொல்லலாம். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் ராட்சத இயந்திரத்தில் ஏறி உலகத்தைக் காப்பாற்ற வேண்டிய கதை. இன்று தொண்டை கிழிய அதைப் பாடும் மாணவிகள், தொடர் முடிந்து பத்து வருடங்களுக்கும் மேலான பிறகு பிறந்தவர்கள். 2011-ல், முந்தைய ஆண்டின் கணக்குப்படி அதிக ராயல்டி ஈட்டிய உள்நாட்டுப் பாட்டுக்குத் தரும் தங்க விருதை ஜப்பானிய இசைப் பதிப்புரிமைச் சங்கமான ஜாஸ்ராக் இதற்குத்தான் கொடுத்தது. பாட்டுக்கு அப்போதே பதினாறு வயது.

இது தனி அதிசயமல்ல. பக்கத்து அறையில் 'சின்னக் காதல் பாட்டு' ஒலித்துக்கொண்டிருக்கலாம். அது 2001-ல் வந்தது. மங்கோல்800 என்ற மூன்று பேர் குழுவின் ஆல்பத்தில் ஒரு பாட்டு அது, அவ்வளவுதான். தனி சி.டி.யாக வெளிவரவில்லை. குழுவினர் ஓகினாவா தீவுக்காரர்கள். 1998-ல் குழுவைத் தொடங்கியபோது அவர்களே பள்ளி மாணவர்கள். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் அந்த ஆல்பம் 20 லட்சத்துக்கு மேல் விற்றது. பள்ளிக் கலாசார விழா மேடைகளில் கிடார் பிடிக்கத் தெரிந்த பையன்கள் தவறாமல் வாசிப்பது அதைத்தான். மூன்று நான்கு கார்டுகள் தெரிந்தால் போதும். கூடத்தில் இருப்பவர்கள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள். விழா முடிந்து கொண்டாடக் கரோக்கிக்குப் போனால், அங்கேயும் அதே பாட்டு.

சி.டி. விற்பனையை எப்படி வேண்டுமானாலும் ஊதிப் பெருக்கலாம் என்பதை 2010களின் ஜப்பான் உலகத்துக்கே காட்டியது. ஏகேபி48 என்ற பெண்கள் குழுவின் சி.டி.க்குள் பாடகியின் கையைக் குலுக்க அனுமதிச் சீட்டு இருந்தது. குழுவில் யார் முன்வரிசையில் நிற்பது என்று தீர்மானிக்கும் தேர்தலுக்கு வாக்குச்சீட்டும் இருந்தது. ரசிகர்கள் ஒரே சி.டி.யைப் பத்து, இருபது என்று வாங்கினார்கள். விற்பனைப் பட்டியலின் உச்சியில் குழு நிரந்தரமாகக் குடியேறியது. ஆனால் கரோக்கி அறையில் யாரும் யார் கையையும் குலுக்க வருவதில்லை. அங்கே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் சொந்தக் காசு கொடுத்து, நண்பர்கள் முன்னால், தன் மானத்தைப் பணயம் வைத்துத்தான் பாடுகிறார். அந்தக் குழுவின் நூற்றுக்கணக்கான பாட்டுகளில் 'ஹெவி ரொட்டேஷன்' (2010) போன்ற சில மட்டுமே அறைக்குள் நிலைத்தன. கரோக்கி பட்டியலைக் கள்ள வாக்கு குறைவான தேர்தல் என்று சொன்னால் தப்பில்லை.

அந்தத் தேர்தலில் ஜெயித்தவர்களைப் பார்த்தால் சிரிப்பும் வரும். 2013 வாக்கில் கரோக்கியில் கொடிகட்டிப் பறந்தது கோல்டன் பாம்பர் குழுவின் 'மெமெஷிகுதே'. ஆண்பிள்ளை இப்படிப் புலம்பலாமா என்ற தொனியுள்ள தலைப்பு. இந்தக் குழுவில் ஒருவர்தான் உண்மையில் பாடுகிறார். மற்றவர்கள் கிடாரும் டிரம்ஸும் வாசிப்பதுபோல் பாவனை செய்கிறார்கள், அதை அவர்களே ஒளிவுமறைவில்லாமல் சொல்லவும் செய்கிறார்கள். ஜப்பானிய மொழியில் 'கரா' என்றால் காலி. 'ஓகே' ஆர்க்கெஸ்ட்ராவின் சுருக்கம். காலி இசைக்குழு என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான நாயகர்கள் கிடைப்பார்களா?

பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டில் முதலில் இடமே இல்லை. கரோக்கி பிறந்தது மதுக்கடையில். கோபே நகர பார்களில் வாடிக்கையாளர்கள் பாட, பின்னணி வாசித்துப் பிழைத்துவந்தவர் இனோவே தாய்சுகே. ஒரு தொழிலதிபர் தன்னோடு வெந்நீர் ஊற்று விடுதிக்கு வந்து வாசிக்கும்படி கூப்பிட்டார். இனோவேக்குப் போக முடியவில்லை. பதிலுக்கு இசையை மட்டும் டேப்பில் பதிவு செய்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து பிறந்த யோசனைதான் 1971-ல் அவர் பார்களுக்கு வாடகைக்கு விட்ட, காசு போட்டால் இசைக்கும் 11 பெட்டிகள். காப்புரிமை வாங்க அவருக்குத் தோன்றவில்லை. (நெகிஷி ஷிகேயிச்சி என்ற எலக்ட்ரானிக்ஸ்காரர் அதற்கும் முன்னால், 1967-லேயே, இப்படி ஒரு கருவி செய்திருந்தார். அவரும் காப்புரிமை வாங்கவில்லை. 2024-ல், நூறு வயதில் காலமானார்.) கோடிகளை இழந்த இனோவேக்கு 2004-ல் ஒரு பரிசு கிடைத்தது. நோபலைக் கிண்டல் செய்யும் இக் நோபலின் சமாதானப் பரிசு. மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புதிய வழி கண்டுபிடித்ததற்காக!

கதவைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டது ஒரு சரக்குக் கன்டெய்னர். 1985 வாக்கில் ஒகாயாமா மாவட்டத்தில் பழைய கன்டெய்னரைச் சாலையோரம் நிறுத்தி, உள்ளே கருவியையும் சோபாவையும் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். 'கரோக்கி பாக்ஸ்' என்ற பெயர் அப்படி வந்தது. இங்கே மது கட்டாயமில்லை. முன்பின் தெரியாத குடிகாரர் முன்னால் பாட வேண்டியதுமில்லை. இல்லத்தரசிகள் வந்தார்கள், அவர்கள் பின்னாலேயே பள்ளிச் சீருடைகள் வந்தன. பூட்டிய அறைக்குள் பிள்ளைகள் என்ன செய்கிறார்களோ என்று போலீசும் பெற்றோர்களும் பதறினார்கள். அறைக் கதவுகளில் இன்றும் கண்ணாடி இருப்பது அந்தப் பதற்றத்தின் மிச்சம். டோக்கியோவில் இரவு 11 மணியிலிருந்து விடிகாலை 4 மணி வரை 18 வயது நிரம்பாதவர்களை உள்ளே விடக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது.

அடுத்த திருப்பம் தையல் மெஷின் கம்பெனியிடமிருந்து வந்தது. லேசர் டிஸ்க் காலத்தில் கடையில் சில ஆயிரம் பாட்டுகள்தான் இருக்கும். புதுப் பாட்டு டிஸ்க்காக வந்து சேர்வதற்குள் டீன் ஏஜ் ரசனை இரண்டு முறை மாறிவிடும். நகோயாவின் பிரதர் நிறுவனம் 1980களில் டெலிபோன் கம்பி வழியே கம்ப்யூட்டர் மென்பொருளை விற்கும் தானியங்கிக் கருவிகளைக் கடைகளில் வைத்துப் பார்த்தது. பெரிய லாபமில்லை. ஆனால் அதில் கற்ற வித்தையைக் கரோக்கிக்குத் திருப்பி 1992-ல் 'ஜாய்சவுண்ட்' சேவையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு டைட்டோ நிறுவனமும் களத்தில் இறங்கியது. பாட்டின் ஒலிக்குப் பதில் சுரக் குறிப்புகளை மட்டும் சங்கேதமாக அனுப்பினால், அறையில் உள்ள கருவி அதை வாசித்துவிடும். புதுப் பாட்டு சில நாட்களில் வந்துவிடுகிறது என்றானதும் யாருக்குக் கொண்டாட்டம்? 1990களின் நடுவில், 12 கோடிச் சொச்சம் மக்கள்தொகை உள்ள நாட்டில் ஏறக்குறைய 6 கோடிப் பேர் கரோக்கி பாடிக்கொண்டிருந்தார்கள். சின்ன சி.டி.க்களில் பாட்டோடு, குரல் நீக்கிய கரோக்கி வடிவமும் சேர்த்தே விற்றது. கோமுரோ தெட்சுயா இசையில் அமுரோ நமியே பாடியவை அறைகளை ஆண்டன. 1999-ல் பதினாறு வயது உதாதா ஹிகாருவின் 'ஃபர்ஸ்ட் லவ்' ஆல்பம் 70 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை.

இன்றைய அறையில் லட்சக்கணக்கான பாட்டுகள். தொடுதிரைப் பலகையில் பெயரைத் தட்டினால் போதும். ஆனால் அத்தனையையும் வைத்துக்கொண்டு எதைப் பாடுவது என்பதுதான் கஷ்டம். ஜப்பானில் 'காற்றைப் படிப்பது' என்றொரு வழக்கு உண்டு. கூட்டத்தின் மனநிலையை வாய் திறக்காமலே உணர்ந்து நடந்துகொள்வது. புதிதாகச் சேர்ந்த வகுப்புத் தோழர்களோடு போகும் ஏப்ரல் மாதக் கரோக்கியில் இது பரீட்சைக்குச் சமம். தனக்கு மட்டும் பிடித்த, யாருக்கும் தெரியாத பாட்டைப் போட்டால் அறை உறைந்துபோகும். மற்றவர்கள் தலையைக் குனிந்து அடுத்த பாட்டைத் தேடுவார்கள். மெதுவான சோகப் பாட்டை முதலிலேயே பாடினாலும் அதே கதிதான். எல்லோருக்கும் தெரிந்த, பல்லவியில் எல்லோரும் சேர்ந்துகொள்ளக்கூடிய பாட்டு வேண்டும். இவாஞ்செலியனும் சின்னக் காதல் பாட்டும் தலைமுறை தாண்டி நிற்கும் ரகசியம் இதுதான். அண்ணனோ அக்காவோ பாடிக் கேட்டிருப்பார்கள். அம்மா காரில் முணுமுணுத்திருப்பார். நம் ஊர் அந்தாக்ஷரியில் பழைய படப் பாட்டுகள் சாகாமல் இருப்பதுபோல.

ஒவ்வொருவருக்கும் கைவசம் ஒரு பாட்டாவது இருக்க வேண்டும். அதற்கு 'ஒஹாகோ' என்று பெயர். எழுதுவது 'பதினெட்டு' என்று. காபுகி நடிகர்களான இச்சிகாவா குடும்பம் தங்கள் சொத்தாகத் தொகுத்துக்கொண்ட 18 நாடகங்களிலிருந்து வந்த சொல். பதினேழு வயதுப் பையன் தன் 'பதினெட்டை'த் தனியாகப் போய்ப் பயிற்சி செய்துவிட்டு வருவதும் நடக்கிறது. தனி ஆளாகப் பாடுவதற்கென்றே 2011-ல் டோக்கியோவின் கண்டா பகுதியில் ஒரு கடை திறந்தார்கள். ஒலிப்பதிவுக் கூடம்போலச் சின்னச் சின்ன அறைகள், தலையில் ஹெட்ஃபோன்.

கருவியும் சும்மா இருப்பதில்லை, மார்க் போடுகிறது. ஸ்வரம் பிசகாமல் இருந்தால் மட்டும் போதாது. குரலை அதிரவிடுவது, கீழிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கி ஏறுவது, நாட்டுப் பாட்டுக்காரர்கள்போல ஒரு சுழி சுழிப்பது எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணித் திரையில் காட்டுகிறது. கமகத்தை எண்ணும் இயந்திரம் என்றால் கர்னாடக வித்வான்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்! ஆனால் டி.வி. டோக்கியோவில் இந்த மார்க்கை வைத்தே போட்டி நடத்தினார்கள். 18 வயதுக்குட்பட்டவர்கள் நூற்றுக்கு நூறு வாங்கி அழுத காட்சிகள் பிரசித்தம். சாதாரணப் பிள்ளைகளுக்கோ இரண்டு கட்டை இறக்கிக்கொள்ள ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்குவது கௌரவக் குறைச்சல். 'ஒரிஜினல் ஸ்ருதி'யில் பாடினேன் என்று சொல்லிக்கொள்வதில்தான் பெருமை.

அந்த ஒரிஜினல் ஸ்ருதி எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதற்கு ஒரு காரணம் மனிதரே அல்ல. 2007 ஆகஸ்ட் 31-ம் தேதி சப்போரோ நகரக் கம்பெனி ஒன்று 'ஹட்சுனே மிகு' என்ற மென்பொருளை விற்பனைக்கு விட்டது. வார்த்தையையும் ஸ்வரத்தையும் டைப் செய்தால் பெண் குரலில் பாடும். வீட்டு அறையில் உட்கார்ந்த அமெச்சூர் இளைஞர்கள் அதற்குப் பாட்டெழுதி இன்டர்நெட்டில் போட்டார்கள். மிகுவுக்கு மூச்சு வாங்காது, தொண்டை கட்டாது. எனவே வேகத்துக்கும் உயரத்துக்கும் வரம்பில்லாமல் போயிற்று. ரசிகர்கள் கேட்கக் கேட்க, கரோக்கி நிறுவனங்கள் இவற்றையும் பட்டியலில் சேர்த்தன. 2011-ல் வந்த 'செம்போன்சகுரா'வைப் பள்ளி மாணவர்கள் நாக்கு சுளுக்கும் பந்தயமாகவே பாடினார்கள். மிகுவுக்கு எழுதியவர்கள் பிறகு மனிதர்களுக்கும் எழுத வந்தார்கள். இயந்திரத்துக்குத் தைத்த அளவிலேயே மனிதருக்கும் தைத்தார்கள். ஆண் பிள்ளைகள் 'பிரிடெண்டர்', 'ஹகுஜிட்சு' (இரண்டும் 2019) போன்ற பாட்டுகளில் பெண் குரலுக்கு ஏறித் திணறுவதை இன்று எந்தக் கடையிலும் கேட்கலாம்.

இதுவரை சொன்னது கொண்டாட்டம். பாட்டுகளின் அர்த்தத்துக்குள் போனால் வேறொரு காற்று வீசுகிறது. மிகுவுக்கு எழுதி வளர்ந்தவர்களில் ஒருவரான யொனெசு கென்ஷி 2018-ல் 'லெமன்' வெளியிட்டார். இறந்தவர்களின் மரணக் காரணத்தை ஆராயும் மருத்துவர்கள் பற்றிய டி.வி. தொடருக்கான பாட்டு, எழுதிக்கொண்டிருந்தபோது அவருடைய தாத்தா இறந்துபோனார். இழப்பைத் தவிர வேறெதுவும் இல்லாத அந்தப் பாட்டுதான் கரோக்கி பட்டியல்களின் முதலிடத்தைப் பிடித்தது. யோஆசோபி இருவரின் 'யோரு நி காகெரு' 2019 டிசம்பரில் வந்தது. துள்ளலான பியானோ, கைதட்டத் தூண்டும் தாளம். ஆனால் இது இன்டர்நெட்டில் வந்த ஒரு சிறுகதையின் இசை வடிவம், கதையின் மையம் தற்கொலை. சி.டி.யே போடாமல் பில்போர்டு ஜப்பானின் 2020 ஆண்டுப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது.

2022-ல் ஜப்பானில் தற்கொலை செய்துகொண்ட பள்ளிப் பிள்ளைகள் 514 பேர். ஐந்நூறைத் தாண்டியது அதுவே முதல் முறை. மேல்நிலைப் பள்ளி மாணவர்கள்தான் அதில் அதிகம். பாட்டைக் காரணம் காட்டுவது அபத்தம். பரீட்சை, வீடு, தனிமை என்று காரணங்கள் வேறு. ஆனால் வகுப்பில் ஒருவரிடமும் சொல்ல முடியாத ஒன்றை, சொன்னால் 'காற்றைக் கெடுத்தவள்' ஆகிவிடும் ஒன்றை, மைக்கில் உரக்கப் பாடினால் தோழிகள் தம்பூரின் தட்டுகிறார்கள். பாடுபவள் அர்த்தத்தோடு பாடினாளா, தாளத்துக்குப் பாடினாளா என்று கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது ஒரு மரியாதை. சில சமயம் அதுவே ஆபத்தும்கூட.

கோபத்துக்கும் ஒரு பாட்டு கிடைத்தது. அடோ என்ற பெண் 2020 அக்டோபர் 23 அன்று, தன் பதினெட்டாவது பிறந்த நாளுக்கு முந்தைய தினம், 'உஸ்ஸேவா'வை வெளியிட்டார். 'வாயை மூடு' என்பதன் கொச்சையான வடிவம். முகம் காட்டாத இவர், வீட்டுத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து குரல் பதிவு செய்து பழகியவர். அலுவலக விருந்தில் யார் கோப்பையை யார் நிரப்ப வேண்டும் என்பது போன்ற பெரியவர்களின் எழுதாத விதிகளை அந்தப் பாட்டு காறி உமிழ்கிறது. வேலைக்கே போகாத பள்ளிப் பிள்ளைகள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். குழந்தைகள் இதைப் பாடலாமா என்று பெற்றோர்கள் விவாதித்தார்கள். விவாதித்தவர்களும் தங்கள் அலுவலகத்துக் கரோக்கியில் அதைப் பாடியிருந்தால் ஆச்சரியமில்லை.

வந்த நேரமும் அப்படி. பிரதமர் ஷின்ஸோ அபேயின் வேண்டுகோளின்படி 2020 மார்ச் தொடக்கத்தில் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. கரோக்கி பெட்டி நோய் பரப்பும் இடமாகப் பெயர் வாங்கியது. ஏப்ரலில் கடைகளும் இழுத்து மூடப்பட்டன. திறந்தபின் முகமூடியோடு, திரையைப் பார்த்து உட்கார்ந்து பாடு என்றார்கள். பள்ளிகளில் கோஷ்டிகானம் நின்றது. பட்டமளிப்பு விழாவில் வாய் திறவாமல் ஒலிநாடாவைக் கேட்டுவிட்டுக் கலைந்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத அறைகளை வீட்டில் இடமில்லாத அலுவலர்களுக்கு வேலை செய்ய வாடகைக்கு விட்டார்கள். நடுநிலைப் பள்ளியின் மூன்று வருடங்களையும் முகமூடிக்குள் கழித்த பிள்ளைகள் மேல்நிலைக்கு வந்ததும் முதலில் ஓடிய இடங்களில் ஒன்று கரோக்கி. மாணவர்களை இழுக்க மனேகினேகோ போன்ற சங்கிலிக் கடைகள், குடிக்க ஏதாவது வாங்கினால் மாலை வரை அறை வாடகை பூஜ்யம் என்று அறிவித்தன.

மார்ச் மாதத்துக்கென்று தனிப் பட்டியல் உண்டு. பள்ளி ஆண்டு முடியும் மாதம் அது. ரெமியோரோமென் குழு தங்கள் நண்பரின் கல்யாண நாளுக்காக எழுதிய 'மார்ச் 9' (2004), ஒரு டி.வி. தொடரில் மாணவர்கள் கோஷ்டியாகப் பாடியதால் பிரிவுபசாரப் பாட்டாக மாறிவிட்டது. கல்யாணத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஏஞ்சலா ஆகியின் 'கடிதம்' (2008) பதினைந்து வயதுக்காரர் வருங்காலத் தனக்கு எழுதுவதாகவும், அவரே வளர்ந்து பதில் எழுதுவதாகவும் அமைந்தது. பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே.யின் பள்ளிப் பாட்டுப் போட்டிக்காக எழுதப்பட்டதால் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். 'கிசெகி'யைப் (2008) பாடிய கிரீன் குழுவினர் பல் மருத்துவம் படித்துக்கொண்டே பாட வந்தவர்கள்; நோயாளிகள் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதென்று முகத்தை மறைத்தவர்கள். கல்லூரிப் பிரிவு விழாவில் கண்ணதாசன் பாட்டு தவறாமல் ஒலிக்கும் நம் ஊர் வழக்கத்தை இது நினைவூட்டினால் தப்பில்லை. ஒரு வித்தியாசம், இவர்கள் அழுவதை மைக் பெரிதாக்கிக் காட்டும்.

நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது சுவரில் உள்ள டெலிபோன் மணி அடிக்கும். நீட்டிக்க வேண்டுமா என்று கடைக்காரர் கேட்பார். கதவருகில் உட்கார்ந்தவர் எடுத்து, கையால் குழாயை மூடிக்கொண்டு அறையைப் பார்ப்பார். ரயிலைப் பிடிக்க வேண்டியவர் தலையாட்டுவார். மீதமிருக்கும் இரண்டு பாட்டுகளுக்குள் இதுவரை பாடாமல் தம்பூரின் மட்டும் தட்டிக்கொண்டிருந்தவரிடம் யாராவது மைக்கை நீட்டுவார்கள். பிறகு கல்லாப்பெட்டியில் வாடகையைத் தலைக்கு இத்தனை யென் என்று சில்லறை வரை வகுத்து வைத்துவிட்டு, ரயில் நிலையத்தை நோக்கி நடப்பார்கள்.